திரை ஒன்று சொல்கிறது, படகு வேறெங்கோ போகிறது: ஜிபிஎஸ் பார்த்து ஓட்டும்போது வரும் தொல்லைகள், அறிகுறி வாரியாக

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைத் துறையில் படகுகளுக்கு ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் மாட்டிக்கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அதற்கு முன் தாய்மாமன் படகில் ஒன்பது வருடம் சுக்கான் பிடித்திருக்கிறேன். "தம்பி, மெஷின் தப்புத் தப்பா காட்டுது, வந்து பாரு" என்று வரும் போன்களில் பாதிக்கு மேல், போய்ப் பார்த்தால் மெஷினில் ஒரு பழுதும் இருக்காது. திரையில் இருக்கும் ஓர் எண்ணை, அதோடு ஒப்பிடக் கூடாத வேறோர் எண்ணோடு ஒப்பிட்டிருப்பார்கள், அல்லது யாரோ ஒரு செட்டிங்கை மாற்றி வைத்திருப்பார்கள். கடலில் வைத்து இதைக் கண்டுபிடிக்க ஆள் கிடைக்காது என்பதால் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் தொல்லை எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் நான்கு எண்கள்

அணியம், அதாவது படகின் முன்மூக்கு, எந்தப் பக்கம் பார்க்கிறதோ அது ஹெடிங். இதைச் சொல்வது காம்பஸ். தரைக்கு மேலே படகு உண்மையில் எந்தப் பக்கம் நகர்கிறதோ அது சிஓஜி. இதைச் சொல்வது ஜிபிஎஸ். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பாயிண்ட், அதாவது போய்ச் சேரக் கருவியில் பதிந்து வைத்த இடம், எந்தத் திசையில் இருக்கிறது என்பது பேரிங், திரையில் பிஆர்ஜி என்றோ பிடிடபிள்யூ என்றோ வரும். போட்ட கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பது எக்ஸ்டிஇ.

ஒரே ஒரு ஆன்டெனா வைத்த சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு உங்கள் அணியம் எங்கே பார்க்கிறது என்று தெரியவே தெரியாது. போன நொடி இங்கே இருந்தான், இந்த நொடி அங்கே இருக்கிறான், ஆகவே இந்தத் திசையில் போகிறான் என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். திரையில் படகுப் படத்தின் மூக்கு ஒரு பக்கம் காட்டினால் அது பெரும்பாலும் நகரும் திசைதான், அணியம் அல்ல. எலக்ட்ரானிக் காம்பஸ் தனியாகப் பொருத்தியிருந்தால் மட்டும் வேறு கதை. கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தில் இருந்து பிறப்பவைதான்.

"அணியம் பாயிண்டை நேராப் பார்க்குது, ஆனா படகு கோட்டை விட்டுப் போய்க்கிட்டே இருக்கு"

இது மெஷின் கோளாறு இல்லை, நீரோட்டம். சென்னைப் பக்கம் வடக்கிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் தெற்கிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். உங்கள் ஊரில் என்ன பெயரோ, விஷயம் ஒன்றுதான். வாடைக்காற்றுக் காலத்தில் நம் கரையில் தண்ணீர் தெற்கே இழுக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து நேர்கிழக்கே 15 கடல் மைலில் ஒரு பாயிண்ட். படகின் வேகம் 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல். நீரோட்டம் தெற்கே 1.5 நாட். பாயிண்டைப் பிடிக்கச் சொல்லி கோ டூ அழுத்துகிறீர்கள், பேரிங் 090 (வடக்கிலிருந்து வலமாக 90 டிகிரி, அதாவது நேர்கிழக்கு) என்று வருகிறது, காம்பஸில் 090 வைத்து ஓட்டுகிறீர்கள். இரண்டரை மணி நேரம் கழித்து கிழக்கே 15 மைல் போயிருப்பீர்கள், கூடவே தெற்கே 3.75 மைலும் போயிருப்பீர்கள்.

இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு யாரும் ஓட்ட மாட்டார்கள், உண்மைதான். பெரும்பாலும் நடப்பது வேறு. பேரிங் 090 இலிருந்து 085, 080 என்று மாற மாற, ஓட்டுகிறவர் அணியத்தையும் அதற்கேற்பத் திருப்பிக்கொண்டே போவார். எப்போதும் அணியம் பாயிண்டைப் பார்த்தபடிதான் இருக்கும், ஆனால் படகு தெற்கே தொங்கும் ஒரு பெரிய வளைவில் போய், கடைசியில் ஓட்டத்துக்கு எதிராக வடக்கே ஏறி பாயிண்டைப் பிடிக்கும். இதே எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், நேர்கோட்டில் போவதைவிட நேரம் ஐந்து நிமிடம்தான் கூடுகிறது. அதனால்தான் டீசல் செலவிலும் இது தெரிவதில்லை, பல வருடம் ஓட்டியவர்களுக்கும் தெரிவதில்லை. ஆனால் வழியில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டும் இடத்தில் படகு கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 1.4 மைல் தெற்கே இருக்கும். கோடு போடும்போது நீங்கள் பார்த்து ஒதுக்கிய பாரோ (கடலடிப் பாறைத்திட்டு), அடுத்தவன் வலையோ, மணல் மேடோ அந்த 1.4 மைலுக்குள் இருந்தால்? கோடு சுத்தமாக இருந்தது, படகு கோட்டில் இல்லை. அதுதான் ஆபத்து.

சரிசெய்வது எளிது. அணியத்தைப் பாயிண்டை நோக்கி வைக்காதீர்கள், நகரும் திசையை வையுங்கள். அதாவது சிஓஜியும் பேரிங்கும் ஒரே எண் ஆகும் வரை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். மேலே சொன்ன கணக்கில் காம்பஸ் 075 அல்லது 076-இல் நிற்கும்போது சிஓஜி 090 வரும். அணியம் வடகிழக்கைப் பார்த்தபடி படகு நேர்கிழக்கே நண்டு மாதிரி போகும். பார்க்க என்னவோ போலத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள், எக்ஸ்டிஇ கூடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் சரி. கரையிலிருந்து தள்ளிப் போகப் போக ஓட்டம் மாறும் என்பதால் அரைமணிக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

"வழித்தடத்தைப் பார்த்தா பாம்பு போன மாதிரி இருக்கு"

திரையைப் பார்த்துச் சுக்கான் திருப்புகிற எல்லோருக்கும் முதல் வருடம் இது நடக்கும். ஜிபிஎஸ் சொல்வது சற்று முன் நடந்ததை. சாதாரணக் கருவி நொடிக்கு ஒருமுறை இடத்தைப் பிடித்து, அலையின் ஆட்டம் தெரியாமல் இருக்கச் சில நொடிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் திசையைக் காட்டுகிறது. நீங்கள் சுக்கானைத் திருப்பியும் எண் மாறவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருப்புவீர்கள், எண் மாறத் தொடங்கும் நேரத்தில் படகு தேவைக்கு மேல் திரும்பியிருக்கும், அப்புறம் மறுபக்கம். இப்படியே விடிய விடிய.

திரையைப் பார்த்து ஓட்டாதீர்கள். திரையைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள், காம்பஸைப் பார்த்தோ, தொடுவானத்தில் ஒரு நட்சத்திரத்தையோ மேகத்தையோ பிடித்தோ ஓட்டுங்கள். நட்சத்திரம் என்றால் இருபது நிமிடத்துக்கு மேல் அதே நட்சத்திரத்தை நம்ப வேண்டாம், அது நகரும். இரண்டு மூன்று நிமிடம் ஒரே திசையில் பிடித்த பிறகு எக்ஸ்டிஇயை ஒருமுறை பாருங்கள்.

கோட்டைவிட்டு 0.10 மைல் தள்ளியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 185 மீட்டர். 6 நாட் வேகத்தில் 20 டிகிரி கோட்டுப் பக்கம் வெட்டினால் மூன்று நிமிடத்தில் கோட்டைத் தொட்டுவிடலாம். தொட்டதும் பழைய திசைக்கே முழுக்கத் திரும்பாதீர்கள். பழைய திசையில்தானே இவ்வளவு தூரம் தள்ளிப் போனீர்கள்? வெட்டிய 20 டிகிரியில் ஐந்து டிகிரியாவது மிச்சம் வைத்துத் திரும்புங்கள். மறுபடி அதே பக்கம் விலகினால் இன்னும் ஐந்து, எதிர்ப்பக்கம் விலகினால் இரண்டு மூன்று குறையுங்கள். நான்கைந்து தடவையில் அன்றைய ஓட்டத்துக்குச் சரியான எண் கிடைத்துவிடும். அதைச் சாக்பீஸில் முன்பலகையில் எழுதி வைத்தால் அடுத்து சுக்கான் பிடிக்க வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டாம்.

இன்னொன்று. நெடுஞ்சாலை மாதிரிப் படம் காட்டும் பக்கத்தில் சாலையின் அகலம் எவ்வளவு என்று செட்டிங்கில் பாருங்கள். அது மிகக் குறுகலாக இருந்தால் 20 மீட்டர் விலகலுக்கே சாலையை விட்டு வெளியே போனதுபோல் காட்டிப் பதற வைக்கும். திறந்த கடலில் 0.02 மைல், அதாவது 37 மீட்டர் விலகல் ஒரு விலகலே இல்லை. முகத்துவாரத்தில் அதே 37 மீட்டர் படகைத் தரை தட்ட வைக்கும். இடத்துக்குத் தக்கபடி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

"இன்ஜினை நியூட்ரல்ல போட்டா அம்பு சுத்துது"

சுற்றத்தான் செய்யும். நகர்ந்தால்தான் திசை. நிற்கும்போது இடக்கணக்கில் வரும் இரண்டு மூன்று மீட்டர் ஆட்டத்தையே நகர்வு என்று எடுத்துக்கொண்டு அம்பு அலையும். இரண்டு நாட் வேகத்துக்கு மேல் போய்விட்டுப் பாருங்கள். இதற்காக யாரும் கருவி மாற்ற வேண்டாம்.

"போட்ட பாயிண்டுக்கு வந்துட்டேன், ஆனா பார் இங்க இல்லை"

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தப்பினால் வெறும் மீன் மட்டும் போகாது.

பெரும்பாலும் காரணம், எண்ணை எழுதிய முறையும் உங்கள் கருவி படிக்கும் முறையும் வேறாக இருப்பது. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். டிகிரி, நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), நிமிடத்தின் தசமம் என்பது ஒன்று. டிகிரி, நிமிடம், விநாடி என்பது இன்னொன்று. டிகிரியின் தசமம் மட்டும் என்பது மூன்றாவது, செல்போன் மேப்பில் வருவது இதுதான். ஒருவர் வாக்கியில் (வாக்கிடாக்கி) "பத்து, நாப்பத்தஞ்சு, அம்பது" என்று சொல்கிறார். அது 10 டிகிரி 45.50 நிமிடமா, 10 டிகிரி 45 நிமிடம் 50 விநாடியா? அரை நிமிடம் என்றால் 30 விநாடி, ஆக இரண்டுக்கும் 20 விநாடி வித்தியாசம், கடலில் அது 600 மீட்டருக்கு மேல். போனில் இருந்து எடுத்த 10.45 என்ற எண்ணை 10 டிகிரி 45 நிமிடம் என்று ஏற்றிவிட்டால் தப்பு 18 கடல் மைல், ஏனென்றால் 10.45 டிகிரி என்பது 10 டிகிரி 27 நிமிடம்தான்.

எல்லைக் கோட்டுக்கு வருவோம். பாக் நீரிணைப் பகுதியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974 ஒப்பந்தத்தில் வகுக்கப்பட்டது, மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976-இல் வகுத்தார்கள். 1974 ஒப்பந்தத்தில் புள்ளிகள் நிமிடத்தின் தசமத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. உதாரணமாக மூன்றாவது புள்ளி: வடக்கு 9 டிகிரி 40.15 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 22.60 நிமிடம். இதை விநாடி முறையில் இருக்கும் கருவியில் ஒருவர் 22 நிமிடம் 60 விநாடி என்று ஏற்ற முயன்றால் என்ன ஆகும்? 60 விநாடி என்று ஒன்று கிடையாது, அடுத்த நிமிடம் பிறந்துவிடும், ஆகவே 23 நிமிடம் என்று போட்டுவிடுவார். உண்மையான இடம் 22 நிமிடம் 36 விநாடி. வித்தியாசம் 700 மீட்டருக்கு மேல், அதுவும் கிழக்குப் பக்கமாக. கோடு திரையில் இன்னும் அப்பால் இருப்பதாகத் தெரியும், படகு அதற்குள் கோட்டைத் தாண்டியிருக்கும். அதே கோடு கச்சத்தீவுக்கு ஒரே ஒரு மைல் மேற்கே போகிறது. அந்தப் பக்கம் 700 மீட்டர் என்பது சின்ன எண் இல்லை.

இதிலேயே ஒரு நல்ல அடையாளமும் இருக்கிறது. யாராவது கொடுத்த பட்டியலில் புள்ளிக்குப் பின்னால் 60 அல்லது அதற்கு மேல் ஒரே ஓர் எண் வந்தாலும் போதும், அந்தப் பட்டியல் முழுக்க விநாடி இல்லை, தசமம்தான். பட்டியல் முழுக்க 60-க்குக் கீழேயே இருந்தால் சந்தேகப்படுங்கள், கொடுத்தவரிடம் கேளுங்கள். எல்லைப் புள்ளிகளை மட்டும் யாருடைய வாட்ஸப்பில் இருந்தும் ஏற்றாதீர்கள், மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, ஏற்றிய பிறகு இன்னொருவரை விட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். நான் மாட்டிக்கொடுக்கும் படகுகளில் இதைச் செய்யாமல் இறங்கி வருவதில்லை.

முறை சரியாக இருந்தும் நூறு, இருநூறு மீட்டர் கணக்கில் எல்லாப் பாயிண்டும் ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால் மேப் டேட்டம் என்ற செட்டிங்கைப் பாருங்கள். டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். இந்தியன் என்றோ வேறு ஊர்ப் பெயரோ இருந்தால் யாரோ "நம்ம நாடுதானே" என்று நல்லெண்ணத்தில் மாற்றியிருக்கிறார்கள். பழைய எவரெஸ்ட் அளவையில் வரைந்த வரைபடங்களுக்காக உள்ளது அது, நமக்கு வேண்டாம்.

அப்பா காலத்து நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் பாயிண்டுகளுக்கு இன்னொரு கதை உண்டு. 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது, அந்தக் காலத்தில் பதிந்த இடம் நூறு மீட்டர் வரை எந்தப் பக்கமும் தள்ளியிருக்கலாம். அதில் யார் தப்பும் இல்லை. அந்தப் பாயிண்டைச் சுற்றி எக்கோ சவுண்டர் போட்டுக்கொண்டு வட்டமடியுங்கள், பார் கிடைத்ததும் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள், பழைய எண்ணையும் அழிக்க வேண்டாம்.

"காம்பஸ் ஒண்ணு சொல்லுது, திரை ஒண்ணு சொல்லுது"

ஓடும்போது இரண்டும் வேறாக இருப்பது இயல்பு, மேலே சொன்ன ஓட்டமும் காற்றும் அதற்குக் காரணம். அது போக இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, திரை உண்மை வடக்கைக் காட்டுகிறதா காந்த வடக்கையா. நம் கரையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்று இரண்டு டிகிரிதான், மேற்குப் பக்கமாக, ஆகவே இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசம் பத்து, பதினைந்து என்று வந்தால் காரணம் வேறு.

அந்த வேறு காரணம் சுக்கான் பிடிக்கும் அறையான வீல்ஹவுஸுக்குள்தான் இருக்கும். ஸ்பீக்கர், செல்போன், ஸ்பானர், எல்.இ.டி. விளக்கின் டிரைவர், புதிதாக இழுத்த பேட்டரி வயர். போன மாதம் ஒரு படகில் காம்பஸுக்கு அரையடி தள்ளிப் பாட்டுப்பெட்டி மாட்டியிருந்தார்கள், வடக்கே போகும்போது சரியாகவும் கிழக்கே போகும்போது 20 டிகிரி தப்பாகவும் காட்டியது. பெட்டியை மறுபக்கச் சுவருக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. ஒரு மீட்டருக்குள் காந்தமோ இரும்போ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் காற்றும் ஓட்டமும் குறைந்த ஒரு காலையில் கரைக்குப் பக்கத்தில், முடிந்த அளவு வேகத்தில், காம்பஸில் எட்டுத் திசையிலும் இரண்டிரண்டு நிமிடம் ஓட்டி ஒவ்வொன்றிலும் சிஓஜி என்ன வருகிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. திரை அணைந்துபோன இரவில் அந்தக் காகிதம்தான் பேசும்.

"இடது பக்கம் போன்னு காட்டுது, போனா இன்னும் விலகுது"

பெரும்பாலும் திரை வடக்கு மேலே என்று இருக்கிறது, நீங்கள் தெற்கே ஓடுகிறீர்கள். அப்போது திரையின் இடது உங்கள் வலது. கோர்ஸ் அப் என்று மாற்றினால் போகும் திசை மேலே வந்துவிடும். ஆனால் வயதான ஓட்டுநர்கள் பலருக்கு வடக்கு மேலே இருந்தால்தான் கரை எந்தப் பக்கம் என்று பிடிபடுகிறது, அவர்களை மாற்றச் சொல்லாதீர்கள், பழகியதே பாதுகாப்பு. இல்லாவிட்டால் பாயிண்டைத் தாண்டிவிட்டீர்கள், கருவி அடுத்த பாயிண்டுக்கு மாறவில்லை. அல்லது போன வழியையே திரும்பி வரும்போது ரூட்டைத் தலைகீழாக மாற்ற மறந்துவிட்டீர்கள்.

"கோ டூ போட்டா கோடு தரை மேல போகுது"

கோ டூ என்பது உங்களுக்கும் பாயிண்டுக்கும் நடுவே ஒரு கயிறு இழுப்பதுதான், நடுவில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று. கோட்டைவிட்டு விலகியதும் எக்ஸ்டிஇயைப் பார்க்கச் சங்கடப்பட்டு மறுபடி கோ டூ அழுத்துகிற பழக்கம் பலருக்கு உண்டு. உடனே எக்ஸ்டிஇ சுழியம் ஆகிவிடும், மனதுக்கும் நிம்மதி. ஆனால் இப்போது இருப்பது புதிய கோடு. நீங்கள் ஆழம் பார்த்துப் போட்ட பழைய கோடு போய்விட்டது. திறந்த கடலில் பரவாயில்லை, பாம்பன் பக்கமோ மணல்திட்டுகளுக்கு நடுவிலோ இதைச் செய்யாதீர்கள், பழைய கோட்டுக்கே திரும்பி வாருங்கள். இந்த மாதிரி இடங்களுக்குக் கோ டூ வேண்டாம், நான்கைந்து பாயிண்ட் வைத்து ரூட் போடுங்கள். பாயிண்ட் வந்துவிட்டது என்று மணி அடிக்கும் வட்டத்தையும் 0.05 மைல் அளவுக்குச் சுருக்கிவையுங்கள், இல்லாவிட்டால் வளைவை முன்கூட்டியே வெட்டித் திட்டின் மேல் ஏற்றிவிடும்.

"வாய்க்கால் நடுவுல ஓடுறேன், திரையில கரை மேல ஏறிட்டேன்"

உங்கள் இடம் சரி, படம் பழசு. கருவிக்குள் இருக்கும் வரைபடம் என்றோ அளந்தது, நம் முகத்துவாரங்கள் ஒவ்வொரு மழைக்காலமும் மணல் தள்ளி இடம் மாறுகின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் படம் துல்லியமாகிவிடும் என்று நினைக்காதீர்கள், அதே பழைய கோடுதான் தடிமனாகத் தெரியும். முகத்துவாரத்துக்குள் நுழையும்போது திரையை விட்டுக் கண்ணை எடுத்துத் தண்ணீரின் நிறத்தையும் அலை உடையும் இடத்தையும் பாருங்கள். நேற்று நீங்களே பத்திரமாக வெளியே வந்த தடம் திரையில் பதிவாகியிருந்தால் அது எந்த வரைபடத்தைவிடவும் மேல்.

"வலை போட்டுப் படுத்தோம், விடிஞ்சா வேற இடம்"

ஒரு நாட் ஓட்டம், ஆறு மணி நேரத் தூக்கம், ஆறு மைல். படகு ஆடாமல் அசையாமல் நின்றதுபோலவே இருக்கும், ஏனென்றால் தண்ணீரோடு சேர்ந்து போகிறது. கோடியக்கரைக்குத் தென்கிழக்கே இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கர் அலாரம் அல்லது டிரிஃப்ட் அலாரம் என்று இருக்கும், நங்கூரம் போடாவிட்டாலும் அதைப் போடுங்கள். அரை மைலுக்கு வைத்தால் அடிக்கடி அடித்துத் தொல்லை தரும், கடைசியில் யாராவது அதை அணைத்துவிடுவார்கள். எல்லை எவ்வளவு தூரம் என்று பார்த்து அதில் பாதிக்கு வைத்தால் தூங்குகிறவனும் அணைக்க மாட்டான். ஒலி இன்ஜின் சத்தத்தில் கேட்கிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

"செல்ஃப் அடிச்சா திரை அணைஞ்சு அணைஞ்சு வருது", "சிக்னல் போயிடுது"

முதலாவதற்கு மல்டிமீட்டர் எடுங்கள். நின்றிருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 10-க்குக் கீழே விழுந்தால் திரை அணையும். பேட்டரி டெர்மினலில் பச்சைக் களிம்பு, மெல்லிய வயர், பியூஸ் ஹோல்டரில் துரு என்று இந்த வரிசையில் பாருங்கள். முடிந்தால் கருவிக்கென்று தனி பேட்டரி வையுங்கள், வேறு எதையும் அதில் சேர்க்காதீர்கள்.

சிக்னல் போவதற்கு ஆன்டெனா இருக்கும் இடமே பெரும்பாலும் காரணம். இரும்புக் கூரைக்குக் கீழே, கம்பத்தை ஒட்டி, விஎச்எஃப் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வாக்கியில் பேசும்போது மட்டும் சிக்னல் போனால் சந்தேகமே வேண்டாம், ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். எல்.இ.டி. போட்டால் மட்டும் போனால் அந்த விளக்கு. செயற்கைக்கோள் பக்கத்தில் 40, 41 என்ற எண்கள் தெரிந்தால் அவை நம் ககன் செயற்கைக்கோள்கள், இடத்தைத் திருத்திக் கொடுப்பவை. தெரியவில்லை என்றால் எஸ்பிஏஎஸ் அல்லது வாஸ் என்று வரும் செட்டிங்கை இயக்கிப் பாருங்கள்.

தேதி மட்டும் இருபது வருடம் முந்தையதாகக் காட்டினால் பயப்படாதீர்கள். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும், கடைசியாக அப்படி வந்தது 2019 ஏப்ரலில். பழைய கருவிகள் அதில் குழம்பின. இடமும் திசையும் பொதுவாகச் சரியாகவே இருக்கும், ஆனால் அதிலுள்ள ஓதம், நிலவு, சூரிய உதய நேரங்களை நம்பாதீர்கள்.

"திரை முழுக்கப் போயிடுச்சு"

முதலில் மணியைப் பாருங்கள், கடைசியாக இருந்த இடமும் ஓடிய திசையும் நினைவிருக்கும்போதே எழுதுங்கள். செல்போனில் இணையம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அட்சரேகை காட்டும் செயலி ஒன்றைக் கரையிலேயே இறக்கி வைத்திருந்தால் அதுவே போதும், காம்பஸிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.

அதுவும் இல்லை என்றால் காம்பஸ்தான். நாகைக்குக் கிழக்கே இருந்தால் கரை மேற்கே, 270. ஆனால் துறைமுகத்தை நேராகக் குறிவைக்காதீர்கள். நேராகக் குறிவைத்துக் கரை தெரிந்த பிறகு, துறைமுகம் வலமா இடமா என்று தெரியாமல் நிற்பீர்கள். வேண்டுமென்றே ஐந்தாறு மைல் வடக்கே சாய்த்து, 290 போல வைத்து ஓட்டுங்கள், கரை தெரிந்ததும் தெற்கே திரும்பினால் துறைமுகம் வந்தே தீரும். தெற்கே சாய்க்கலாமே என்று கேட்பார்கள். வாடைக்காலத்தில் ஓட்டமும் தெற்கே இழுக்கிறது, நாகை 10 டிகிரி 46 நிமிடம், கோடியக்கரை 10 டிகிரி 17 நிமிடம், நடுவில் 29 மைல்தான் கரை. அதற்குக் கீழே கரை மேற்கே மடிந்துவிடும், அங்கிருந்து 270 பிடித்தால் கரை வராது, பாக் நீரிணைக்குள் போய்க்கொண்டே இருப்பீர்கள்.